செருப்பில்லாமல் பன்னிரண்டு கிலோமீட்டர்

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அவரைத் தெரிந்த யாராவது படித்துவிடுவார்களோ என்ற பயம் ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. ஒருவருடைய பெயர் தெரிந்துவிட்டால் அதற்கப்புறம் அந்த ஆளைச் சும்மா விட்டுவிட அவரால் முடியாது. எனக்கு அந்தக் குணம் கிடையாது. அது இல்லாதவள் அவர் பெயரை மட்டும் எடுத்துப் புழங்குவது நியாயமில்லை என்று தோன்றுகிறது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அவரை லேப் அண்ணா என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

கணபதி ஏரியாவில் லேத் பட்டறைகளுக்கு நடுவே மூன்று மாடிக்கு நெருக்கிக் கட்டிய மெட்ரிக் பள்ளி அது. நான் இங்கிலீஷ் மிஸ்ஸாக அங்கே சேர்ந்தபோது எனக்கு இருபத்தைந்து வயது. அவர் கெமிஸ்ட்ரி லேபில் உதவியாளர், ஐம்பதைத் தாண்டியவர். போட்டிருந்த காக்கிச் சட்டையில் ஆசிட் தெறித்துப் பொத்தல் பொத்தலாக இருக்கும். சேர்ந்த அன்றைக்கே ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று, "ஏனுங்க மிஸ், உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று கேட்டார். பெருந்துறை, இங்கே காந்திபுரத்தில் ஹாஸ்டல் என்றேன். பெயரைக் கேட்டார், சொன்னேன். காலையில் ஹாஸ்டலில் என்ன போட்டார்கள் என்று கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் ஒன்றும் சாப்பிடவில்லை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

மறுநாளிலிருந்து பத்தரை மணி இடைவேளையில் என் மேசை மேல் ஒரு பொட்டலம் இருக்கும். இரண்டு இட்லி, கொஞ்சம் பொடி, அவர் வீட்டில் செய்தது. வேண்டாம் அண்ணா என்று ஒரு வாரம் சொல்லிப் பார்த்தேன். "வேண்டாமுன்னா சரிங்க. ஆனா நீங்க சாப்பிடலைன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சுங்களே, நான் என்னத்தப் பண்றது?" என்றார். அவரைப் பற்றி வேறு எதுவும் சொல்லாமல் இந்த ஒரு வாக்கியத்தோடு நிறுத்திவிடலாம்.

இந்தக் குணத்தைப் பெரிய தெய்வீகம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கூட வேலை செய்கிறவர்களுக்கு அது தொல்லை. எங்கள் பெரியம்மாவுக்குப் பித்தப்பையில் ஆபரேஷன் என்று ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னேன். அதிலிருந்து வாரம் தவறாமல், "பெரியம்மாவுக்கு இப்ப எப்படிங்க இருக்குது?" என்று விசாரிப்பார். பெரியம்மா செத்துப் போன பிறகும் ஒரு நாள் கேட்டார். பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய அவசரத்தில், "நல்லா இருக்காங்க அண்ணா" என்று சொல்லிவிட்டு ஓடினேன். செத்துப் போய்விட்டார் என்று சொன்னால் கால் மணி நேரம் நின்று துக்கம் விசாரிப்பார் என்று எனக்குத் தெரியும். பிள்ளை இல்லாத ஏக்கத்தில் அப்படி இருந்தார் என்றும் சொல்ல முடியாது. பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தான், மாதத்துக்கு ஒரு தடவை வந்து போவான். மனைவியோடும் சண்டை சச்சரவு கிடையாது. சும்மாவே அவர் அப்படித்தான்.

அந்தப் பள்ளியின் தாளாளருக்குச் சொந்தமாகப் பம்ப்செட் கம்பெனி இருந்தது. பம்ப் விற்பதற்காக மலாவி என்ற ஆப்பிரிக்க நாட்டுக்குப் போனவர், அங்கே ஒரு ஊரில் தகரக் கூரைக்கு அடியில் மண் தரையில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்தார். மனசு கேட்காமல்தான் அவர்களுக்குப் பணம் திரட்ட வருஷா வருஷம் ஒரு நடையை ஆரம்பித்தார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஆறாவதிலிருந்து ஒன்பதாவது வரை எல்லாப் பிள்ளைகளும் சத்தி ரோட்டில் நடந்து, சரவணம்பட்டி தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். மொத்தம் பன்னிரண்டு கிலோமீட்டர். ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு மஞ்சள் அட்டை இருக்கும். நீ நடக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நான் இவ்வளவு தருகிறேன் என்று தெரிந்தவர்கள் அதில் கையெழுத்துப் போட வேண்டும். சேருகிற பணம் அந்த மலாவிப் பள்ளிக்கூடத்துக்கு.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்த ஏற்பாடு கடைசி வரை பிடிபடவே இல்லை. "காசு வேணுமுன்னு கேட்டாக் குடுத்துப்போடறமுங்க. அதுக்கு எதுக்குங்க பொடுசுகள வெயில்ல நடக்க உடறீங்க?" என்று பட்டறைக்காரர்கள் கேட்டார்கள். பழனிக்கு நடப்பது அவர்களுக்குப் புரியும். நடந்த தூரத்தை அளந்து காசு கொடுப்பது, கூலி கொடுக்கிற மாதிரி கூச்சமாக இருந்தது. பன்னிரண்டுக்கும் சேர்த்து முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். அதனால் பிள்ளை பாதி வழியில் ஆட்டோ ஏறி வந்தாலும் யாரும் ஏனென்று கேட்கப் போவதில்லை. கேட்ட ஒரே ஆள் லேப் அண்ணாதான்.

சிவப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு வரிசையின் கடைசியில் வருவது அவர் வேலை. நான் சேர்ந்த வருஷம், ஏழாவதில் வீசிங் தொந்தரவு உள்ள ஒரு பெண் எட்டாவது கிலோமீட்டரில் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள். பள்ளி வேனில் ஏற்றி அனுப்பினோம். எல்லோரும் திரும்பி வந்து, எலுமிச்சை சாதம் சாப்பிட்டு, கொடிகளைச் சுருட்டி வைத்த பிறகு பார்த்தால் லேப் அண்ணாவைக் காணோம். ஒன்றரை மணி வெயிலில் கேட்டுக்குள் நுழைந்தார். மறுபடியும் சத்தி ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் போய் இரண்டு கிலோமீட்டர் திரும்பியிருக்கிறார்.

"அந்தப் புள்ள அட்டைல பன்னெண்டுன்னு எழுதியிருக்குதுங்க. எட்டுதான நடந்துச்சு" என்றார்.

"அவ நடந்தாத்தானே அண்ணா அது கணக்கு?" என்று கிண்டல் செய்தேன்.

"பழனிக்கு நடக்கறேன்னு நேந்துக்கிட்டவங்க முடியாமப் போனா, ஊட்டுல இன்னொருத்தரு அவங்க பேர்ல நடப்பாங்கல்லங்க. அதாட்டந்தான்" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார்.

அவருக்கு இந்த ஸ்பான்சர் நடையும் பழனி நடையும் ஒன்றுதான். ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லி நடப்பதாக ஒத்துக்கொண்டால் அது நேர்த்திக்கடன். அதைத் திருத்த எங்களில் யாரும் மெனக்கெடவில்லை. அவரை வைத்து ஸ்டாஃப் ரூமில் சிரிக்க எங்களுக்கு அது வசதியாகவும் இருந்தது.

முதல் சில வருஷங்கள் மலாவியிலிருந்து பிள்ளைகள் எழுதிய கடிதங்கள் வந்ததாகச் சொன்னார்கள். நான் சேர்ந்த வருஷம் வரவில்லை. அந்தப் பள்ளிக்கூடம் இன்னும் இருக்கிறதா, இங்கிருந்து அனுப்பியது அங்கே போய்ச் சேர்ந்ததா என்று எனக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. நானாகக் கேட்டதில்லை. அடுத்த ஆடி மாதம் தாளாளர் என்னை ரூமுக்குக் கூப்பிட்டார்.

"அம்மணி, வாட்ஸ்ஆப் குரூப்புல பேரன்ட்ஸ் கேக்கறாங்க, அங்கிருந்து ஒண்ணுமே வரலீங்களான்னு. உங்களுக்கு இங்கிலீஷ் நல்லா வருமே. ஒரு புள்ள எழுதுனாப்பல நாலு வரி எழுதிப்போடுங்க. அங்க புள்ளைக இருக்கத்தான செய்யுது, இதுல என்ன தப்பு?"

நான் தயங்கியிருக்க வேண்டும். தயங்கவில்லை, குஷியாகத்தான் இருந்தது. ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து, கோடு போட்ட தாளில், இடது கையால் கோணல் மாணலாக எழுதினேன். ஒன்பது வயசுப் பெண். கிரேஸ் என்று பெயர் வைத்தேன். உங்கள் உதவிக்கு நன்றி, எனக்குக் கணக்குப் பாடம் பிடிக்கும், இப்படி நாலு வரி. படித்துப் பார்த்தபோது சப்பென்று இருந்தது. கேட்கிறவர்கள் மனசில் தைக்கிற மாதிரி ஏதாவது வேண்டும் என்று தோன்றியது. "நான் தினமும் ஆறு கிலோமீட்டர் நடந்து பள்ளிக்கு வருகிறேன். எனக்குச் செருப்பு இல்லை" என்று கடைசியில் சேர்த்தேன். அந்த இரண்டு வரி மேல் எனக்கு ரொம்பப் பெருமை.

பிரேயரில் நானே அதை இங்கிலீஷில் படித்து, தமிழிலும் சொன்னேன். இடைவேளையில் லேப் அண்ணா வந்தார்.

"ஏனுங்க மிஸ், அந்தப் புள்ள பேரு என்னன்னு சொன்னீங்க?"

சொன்னேன். கிரேஸு, கிரேஸு என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பேரு நல்லா இருக்குதுங்க என்று சொல்லிவிட்டு லேபுக்குப் போனார்.

அதிலிருந்து எங்கள் பெரியம்மாவின் இடத்துக்குக் கிரேஸ் வந்துவிட்டாள். எனக்கு அவளிடமிருந்து மெயில் வருகிறது என்று அவராகவே நினைத்துக்கொண்டார். அங்கே இப்போது மழையா? ஆறு கிலோமீட்டர் என்றால் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? தனியாகவா வருகிறாள், துணைக்கு ஆள் உண்டா? நான் பதில் சொல்லிக்கொண்டே போனேன். துணைக்கு அண்ணன் இருக்கிறான் என்றேன். அந்த அண்ணனுக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் விளையாட்டாகச் சொல்லப்போக, பத்து நாள் அந்தக் காய்ச்சலை இறக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஜியாக்ரபி சாரிடம் கேட்டு உலக உருண்டையில் மலாவியைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். ஸ்டாஃப் ரூமுக்குள் வரும்போதெல்லாம் உருண்டையைத் திருப்பி அந்தப் பக்கம் தெரிகிற மாதிரி வைத்துவிட்டுப் போவார். அதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். ஒன்றிரண்டு தடவை, நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று நினைத்தும் இருக்கிறேன். வேலை போய்விடுமே என்ற பயம் பாதி, அவர் முகம் எப்படி ஆகும் என்ற பயம் பாதி. சொல்லவில்லை.

மாசி வந்தது. நடை தொடங்கும் சனிக்கிழமை காலையில் கேட்டருகே கொடியோடு நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி, காலில் ஒன்றுமில்லை.

"செருப்பு எங்கண்ணா?"

"லேப்ல உட்டுட்டு வந்துட்டனுங்க. அந்தப் புள்ள தெனமும் செருப்பில்லாம நடக்குது. அது பேர்ல நடக்கறப்ப நாம செருப்பு மாட்டிக்கிட்டு நடந்தா நல்லாவாங்க இருக்கும்?"

அவருக்குப் பத்து வருஷமாகச் சுகர் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். டாக்டர் கண்டித்ததால் பழனிக்கு நடப்பதையே நிறுத்தியிருந்தார்.

"சுகர் இருக்குதே அண்ணா. வெறுங்காலோட நடக்கலாமா?"

"ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆவாதுங்க" என்றார்.

கிரேஸ் என்று யாரும் இல்லை அண்ணா, போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வாருங்கள். இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியது. அரை நிமிஷம் ஆகியிருக்கும். வாயைத் திறந்தேன். பக்கத்தில் பேரன்ட்ஸ் நின்றிருந்தார்கள், தாளாளர் கொடியைத் தூக்கிவிட்டார், பிள்ளைகள் கத்திக்கொண்டு நகர்ந்தார்கள். நானும் அவர்களோடு நகர்ந்துவிட்டேன்.

பத்து மணிக்கு மேல் தார் ரோடு கொதித்தது. திரும்பி வந்தவரிடம் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "துளி வலி இல்லீங்க மிஸ். எனக்கே அதிசயமா இருக்குதுங்க" என்று சந்தோஷமாகச் சொன்னார். சுகர் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்வு செத்துப் போயிருக்கும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வலது உள்ளங்கால் தோல் வழன்று, அதற்குள் ஏதோ குத்தியும் இருந்திருக்கிறது. மஞ்சளை எண்ணெயில் குழைத்துப் போட்டு, துணி சுற்றி, அதற்கு மேல் செருப்பு மாட்டிக்கொண்டு திங்கட்கிழமை வேலைக்கு வந்தார். பிராக்டிகல் பரீட்சை நேரம். லீவு போட்டால் பிள்ளைகளுக்கு யார் எடுத்துக் கொடுப்பது என்றார். மூன்று வாரம் அப்படியே வந்தார். லேப் பக்கம் போனால் ஒரு வாடை அடித்தது. கெமிக்கல் வாடை என்று நினைத்து நாங்கள் ஜன்னலைத் திறந்து வைத்தோம்.

காய்ச்சலில் விழுந்த பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். நிற்கவில்லை. அடுத்த வாரம் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் பார்க்கப் போனேன். பஸ்ஸில் வார்த்தைகளை அடுக்கி வைத்துக்கொண்டே போனேன். வார்டில் அவர் மனைவி ஸ்டூலை எனக்கு நகர்த்திக் கொடுத்துவிட்டுக் கீழே உட்கார்ந்துகொண்டார். என்னைப் பார்த்ததும் லேப் அண்ணா போர்வையை இழுத்துக் காலை மூடினார். நான் ஆரம்பிப்பதற்குள் அவர் பேசிவிட்டார்.

"மிஸ், கிரேஸுக்கு எழுதறப்ப என்ற காலப் பத்தி எழுதிப்போடாதீங்க."

போர்வை நுனியைச் சரிசெய்துகொண்டே தொடர்ந்தார்.

"தன்னாலதான் ஆச்சுன்னு நெனச்சுக்குமுங்க. சின்னப் புள்ள. அந்த நெனப்போடயே தெனமும் அத்தன தூரம் நடக்கோணுமல்லங்க."

"எழுதலண்ணா" என்றேன். மனைவி எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். அதையும் வாங்கிச் சாப்பிட்டேன். வெட்கம் என்று ஒன்று இருந்திருந்தால் அந்தச் சுளை தொண்டையில் இறங்கியிருக்காது.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் தேறவே இல்லை. ஐப்பசியில் அவர் மனைவி போன் செய்தார். "கடுதாசி ஏதாச்சும் வந்துச்சுங்களான்னு கேக்கச் சொன்னாருங்க. சரியாச் சோறு திங்கறதில்லைங்க மிஸ். அந்தப் புள்ளகிட்டயிருந்து ஒண்ணு வந்தாத் தேவலையாட்ட இருக்குது." அன்றைக்கே இரண்டாவது கடிதத்தை எழுதினேன். எனக்கு இப்போது செருப்பு இருக்கிறது என்று எழுதினேன். ஒரு வருஷத்துக்கு முன்னால் எழுதியிருக்க வேண்டிய வரி. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். செருப்பு என்ற இடத்தில் நிறுத்தி, இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். அன்றைக்குச் சாப்பிட்டார் என்று மறுநாள் மனைவி சொன்னார். கார்த்திகை முடிவதற்குள், இன்னொரு காலிலும் புண் வந்து, போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவர் நிம்மதியாகப் போனார் என்று என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் அதை நம்பவும் செய்தேன்.

மறுபடியும் மாசி வந்தது. அந்த வருஷம் நடைக்குப் பேனர் பெரிதாக வைத்திருந்தார்கள். காலை ஏழு மணிக்குப் பிள்ளைகள் வரிசையில் நின்றுகொண்டிருக்கும்போது கேட்டோரம் லேப் அண்ணாவின் மனைவி வந்து நின்றார். தலைக்குக் குளித்திருந்தார். கையில் தண்ணீர் பாட்டில். நான் காலைப் பார்த்தேன். வெறுங்கால்.

"அவரு பேர்ல நானு நடந்துபோடறனுங்க மிஸ்" என்றார். "வருஷா வருஷம் நடந்தவரு. இந்த வருஷம் உட்டுப்போச்சுன்னா அந்தப் புள்ளைக்கு ஏமாத்தமா இருக்குமல்லங்க. அவரு எப்படி நடந்தாரோ அப்படியே நடந்துக்கறனுங்க."

இன்னொரு தடவை அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. அவர் கையைப் பிடித்துச் சுவரோரம் கூட்டிப் போனேன்.

"அக்கா, நடக்க வேண்டாம். கிரேஸ்னு யாரும் இல்லீங்க. ரெண்டு கடுதாசியும் நானா எழுதுனது."

அவருக்கு உடனே விளங்கவில்லை. என் வாயையே பார்த்தார்.

"செருப்பில்லாம நடக்குதுன்னு..."

"அதும் நான் எழுதுனதுதாங்க அக்கா. படிக்க நல்லா இருக்கட்டும்னு எழுதுனேன்."

குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தார்.

"அப்பறம் எதுக்குங்க மிஸ் அவருக்குக் கால எடுத்தாங்க?" என்று கேட்டார்.

கோபம் இல்லை, குரல்கூட உயரவில்லை. பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தாளாளர் கொடியை அசைத்தார். பிள்ளைகள் எங்களைத் தாண்டி ரோட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள். கடைசிப் பிள்ளை போய் முடிகிற வரைக்கும் அவர் என் முகத்தைப் பார்த்தபடியே நின்றுகொண்டிருந்தார்.